கொட்டகைகளை ஒட்டி நிற்கும் பெருமரங்கள்: வெட்டுவதா, வைத்துக்கொள்வதா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: வீட்டைத் தள்ளி ஒரு மாட்டுக் கொட்டகை, ஒரு தகர ஷெட், ஒரு பழைய சாமான் அறை. அவற்றை ஒட்டி நான்கு பெரிய மரங்கள். முதல் மரத்தின் கிளை ஷெட்டின் கூரையை உரசுகிறது, இரண்டாவது கொட்டகைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, மூன்றாவதன் அடிமரத்தில் பொந்து இருக்கிறது. நான்காவது நன்றாகத்தான் நிற்கிறது, ஆனால் அதன் பக்கமாக ஷெட்டை நீட்டிக் கட்ட நினைக்கிறீர்கள். மரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே எத்தனை அடி விட வேண்டும், வேர் அஸ்திவாரத்தை உடைக்குமா, உச்சியை மட்டும் கழித்துவிட்டால் போதுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் "வெட்டிப் போடு" என்கிறார்கள், எனக்குத்தான் மனம் வரவில்லை என்று கடைசி வரியில் சொல்லியிருப்பதைத்தான் நான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். அதாவது, இந்த மரங்களை வைத்துக்கொண்டே காற்றடிக்கிற இரவில் நிம்மதியாகப் படுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் நீங்கள் மூன்றாவதாகக் கேட்டீர்களே, உச்சியைக் கழிப்பது, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நான் வனவியல் படித்தவன். பெரிய மரங்களைப் பார்த்து நிலைமை சொல்வதும், கவாத்து, அதாவது கிளை கழிக்கும் வேலை, செய்யும் ஆட்களோடு கூட நின்று வேலை வாங்குவதும் பல வருடங்களாக என் தொழில். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது, படத்தைப் பார்த்து "இந்த மரம் விழும், இது விழாது" என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதுதான். வேர்ப்பகுதியைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும், தட்டிப் பார்க்க வேண்டும், மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே உங்கள் நான்கு மரங்களுக்குத் தீர்ப்பு எழுதுவதற்குப் பதிலாக, நீங்களே போய் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்தால் உடனே ஆள் அழைக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

மரத்தால் வரும் ஆபத்தை எடைபோடும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்: மரமோ கிளையோ முறிவதற்கான வாய்ப்பு, முறிந்தால் எதன் மேல் விழும், விழுந்தால் எவ்வளவு சேதம். நாம் எல்லோரும் முதல் விஷயத்திலேயே நின்றுவிடுகிறோம். யாரும் போகாத மூலையில் நிற்கும் பட்ட மரம் ஆபத்தில்லாதது. மாடு கட்டியிருக்கும் கொட்டகைக்கு மேல் நீண்டிருக்கும் ஒரே ஒரு காய்ந்த கிளை ஆபத்தானது. அதனால் அரிவாளை எடுப்பதற்கு முன், அந்தக் கிளைக்குக் கீழே என்ன இருக்கிறது, அதை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். வீட்டைப் போலன்றி, தகர ஷெட்டைப் பிரித்து வேறிடத்தில் நிறுத்தலாம். மாட்டைக் கொட்டகையின் மறுகோடியில் கட்டலாம். டீசல் பீப்பாயையும் வைக்கோலையும் இடம் மாற்றலாம். ஷெட்டை ஒரு மாதத்தில் மறுபடி எழுப்பிவிடலாம். அந்த மரத்தை மறுபடி எழுப்ப ஒரு தலைமுறை போதாது. கட்டடத்தையோ அதன் உபயோகத்தையோ மாற்றிப் பார்க்காமல் மரத்தில் கை வைப்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு தாளில் கட்டடங்களையும் மரங்களையும் தோராயமாக வரைந்து, ஒவ்வொரு மரத்தையும் மையமாக வைத்து அதன் உயரத்தை ஆரமாகக் கொண்ட வட்டம் போடுங்கள். மரம் அடியோடு சாய்ந்தால் எட்டக்கூடிய எல்லை அது. உயரம் அளக்கக் கருவி வேண்டாம். கையை நேராக நீட்டினால் கண்ணிலிருந்து பிடி வரை எவ்வளவு தூரமோ, பிடிக்கு மேலே அவ்வளவு நீளம் நிற்கும்படி ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பிடி மரத்தின் அடியோடும் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும்வரை பின்னால் நகருங்கள். தரை சமமாக இருந்தால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரமே மரத்தின் உயரம். வட்டம் போட்டு முடித்ததும் எந்த மரத்துக்கு முதலில் கவனம் வேண்டும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

எத்தனை அடி இடைவெளி என்பதற்கு ஒரே எண்ணாகப் பதில் கிடையாது, ஏனென்றால் அங்கே இரண்டு வெவ்வேறு தூரங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன விழும் தூரம். மற்றொன்று, கட்டுமான வேலையில் மரத்தின் வேர் கெடாமல் இருக்க விட வேண்டிய தூரம். இதற்கு பிரிட்டிஷ் தரநிர்ணயமான பிஎஸ் 5837 ஒரு கணக்கு வைத்திருக்கிறது: தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதை 12 ஆல் பெருக்கினால் வருவது பாதுகாக்க வேண்டிய வட்டத்தின் ஆரம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது 7.2 மீட்டர். டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுத்தால், அதைக் கிட்டத்தட்ட நான்கால் பெருக்கினாலே போதும். இது கட்டடத்தைக் காப்பாற்றும் தூரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது மரத்தைக் காப்பாற்றும் தூரம். ஆனால் வேர் அறுபட்ட மரம்தான் சில வருடம் கழித்துப் பலத்த காற்றில் கட்டடத்தின் மேல் சாய்கிறது என்பதால், கடைசியில் இரண்டும் ஒன்றையொன்று காப்பாற்றுகின்றன.

வேர் அஸ்திவாரத்தை உடைக்குமா என்ற கேள்வியில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பெரிய மரத்தின் வேர்களில் பெரும்பகுதி தரைக்குக் கீழே 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது. மேலே கிளையும் இலையும் சேர்ந்த குடை எவ்வளவு விரிந்திருக்கிறதோ அதைத் தாண்டியும் பக்கவாட்டில் வெகுதூரம் ஓடும். ஆணிவேர் பாதாளம் வரை இறங்கியிருக்கும் என்பது பெரும்பாலான முதிர்ந்த மரங்களுக்குப் பொருந்தாது. வேரின் நுனி மென்மையானது. நல்ல கான்கிரீட்டைத் துளைக்கும் பலம் அதற்கில்லை. ஏற்கெனவே விரிசல் இருந்து அதில் ஈரம் கசிந்தால் உள்ளே நுழையும், பிறகு பருக்கும், பருக்கும்போது நெம்பும். ஆகவே குழாய்க்குள் வேர் புகுந்திருந்தால், அந்தக் குழாய் முன்பே ஒழுகியிருக்க வாய்ப்பு அதிகம். அடிமரத்தை ஒட்டிய ஒன்றிரண்டு மீட்டருக்குள் வேர்கள் கனமாகப் பருப்பதால், அங்கே இருக்கும் தரைத்தளம், குட்டைச் சுவர், நடைபாதைக் கல் இவற்றைத் தூக்கிவிடும். ஆழமில்லாத அஸ்திவாரத்தில் நிற்கும் கொட்டகைச் சுவருக்கு இந்த ஆபத்து வீட்டைவிட அதிகம். இதுவரை சந்தேகமில்லை.

சந்தேகம் வருவது மண்ணைப் பொறுத்து. கரிசல் மண்ணும் கனத்த களிமண்ணும் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் மரம் தண்ணீரை இழுக்கும்போது அதன் பக்கத்து மண் கூடுதலாகச் சுருங்க, சுவரின் ஒரு மூலை மட்டும் இறங்கி விரிசல் விடும். மணற்பாங்கான மண்ணில் இந்தத் தொல்லை அநேகமாகக் கிடையாது. உங்கள் சாமான் அறையில் விரிசல் இருந்தால் மரத்தின் மேல் உடனே பழி போடாதீர்கள். விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதி, அகலத்தை அளந்து வையுங்கள். கோடை முடிவில் அகன்று மழைக்காலத்தில் மூடிக்கொண்டால் மண் சுருங்கி உப்புகிறது, மரமும் அதில் பங்காளியாக இருக்கலாம். எல்லாக் காலமும் ஒரே மாதிரி அகன்றுகொண்டே போனால் காரணம் வேறு. இன்னொன்று, களிமண்ணில் நிற்கும் பெரிய மரத்தை ஒரேயடியாக வெட்டிவிட்டால், அது குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி, மண் மெல்ல உப்பி, அதுவரை நன்றாக இருந்த சுவரைத் தூக்குவதும் உண்டு. இது நடந்து முடியப் பல வருடம்கூட ஆகும். சுவரைக் காப்பாற்ற மரத்தை வெட்டி, வெட்டியதாலேயே சுவரைக் கெடுத்துக்கொள்கிற நிலைமை வர வேண்டாம்.

சாய்ந்த மரத்துக்கு வருவோம். சாய்வு பழையதா புதியதா என்பதுதான் எல்லாம். வெளிச்சத்தைத் தேடி இளமையிலேயே சாய்ந்த மரம், பிறகு தன் நுனியை மேல்நோக்கித் திருப்பிக்கொண்டு, அடிமரத்தில் அதற்கேற்ற கட்டையைக் கூடுதலாக வளர்த்திருக்கும். நேராக நிற்கும் மரத்தைப் போலவே அதுவும் பல பத்தாண்டு நிற்கும். நுனி வரை நேர்க்கோடாகச் சாய்ந்திருந்தாலோ, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் மேடாக எழும்பி வெடிப்பு விட்டிருந்தாலோ, அது புதிய சாய்வு. அதைப் பார்த்த அன்றைக்கே கொட்டகையைக் காலி செய்யுங்கள், மற்றதை அப்புறம் யோசிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்து உங்களுக்குத் தெளிவில்லை என்றால், உறுதியான கிளையிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் முளை அடித்து வையுங்கள். காற்றில்லாத காலைகளில் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். முளையை விட்டுக் குண்டு நகர்ந்துகொண்டே போனால் மரம் அசைகிறது என்று அர்த்தம்.

பொந்து என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். கம்பியைவிடக் குழாய் எடை குறைவு, ஆனால் வளையாமல் நிற்பதில் அவ்வளவு குறைவில்லை. பொந்து மரமும் அப்படித்தான். அடிமரத்தின் விட்டத்தில் 70 சதவீதம் உள்ளே கூடாகிவிட்டாலும், சுற்றிலும் சுவர் சீராக இருந்தால், வளைவைத் தாங்கும் பலத்தில் கணக்குப்படி 24 சதவீதம்தான் குறைகிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவைச் சேர்ந்த கிளாஸ் மாத்தெக் இதையொட்டி ஒரு விதி சொன்னார்: மிச்சமிருக்கும் நல்ல கட்டையின் தடிமன், அந்த இடத்து ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். துறையில் இந்த விதியைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பொந்து ஒரு பக்கம் வாயைத் திறந்திருந்தால் கணக்கு மாறும், மரத்தின் உயரமும் குடையின் அளவும் அதில் வருவதில்லை. நான் அதை எச்சரிக்கை மணியாகப் பயன்படுத்துகிறேன், தீர்ப்பாக அல்ல. மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்பதும் பொத்தென்று கேட்பதும் காதுக்கே பிடிபடும். பாதிச் சுற்றுக்குமேல் பொத்தென்று கேட்டால் கருவி வைத்திருக்கும் ஆளை அழைக்கலாம். ஒலியலைகளை அனுப்பி உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று படமாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. பொந்துக்குள் சிமென்ட் கொட்டி அடைக்காதீர்கள். அந்தப் பழைய வழக்கம் கைவிடப்பட்டுவிட்டது. மரம் ஆடும், சிமென்ட் ஆடாது, நடுவில் ஈரம் தங்கி அழுகல் அதிகமாகும். தண்ணீர் வடிய ஓட்டை போடுவதும் வேண்டாம். அழுகலுக்கும் நல்ல கட்டைக்கும் நடுவே மரமே எழுப்பியிருக்கும் தடுப்பை அது உடைத்துவிடும்.

உண்மையில் பொந்தைவிட எனக்குக் கவலை தருபவை வேறு இரண்டு. ஒன்று, அடிமரம் மண்ணைத் தொடும் இடத்திலோ வேரின் மேலோ தட்டுத் தட்டாக முளைக்கும் கெட்டியான காளான். அதில் கானோடெர்மா என்ற வகை அடியில் முளைத்திருந்தால் வேரும் தூரும் அழுகத் தொடங்கிவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம். குடை பச்சைப்பசேலென்று இருக்கும்போதே மரம் வேரோடு சாய்வது இப்படித்தான். காளான் இல்லை என்பதால் அழுகல் இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, சம பருமனுள்ள இரண்டு தண்டுகள் பிரியும் கவை. அது அகன்ற வளைவாக இருந்தால் கட்டையோடு கட்டை சேர்ந்திருக்கும், உறுதி. ஒடுங்கிய கூர்மையான கவையாக இருந்து, பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால், இரண்டு தண்டும் ஒட்டியிருப்பது போலத் தெரியுமே தவிர ஒட்டியிருக்காது. கவையின் இரு பக்கமும் காது மாதிரிப் புடைத்திருந்தால் மரம் அங்கே சிரமப்படுகிறது. அதன் விழும் பக்கம் எது, அங்கே கொட்டகை இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

காற்றே இல்லாத வெயில் பிற்பகலில் பச்சைக் கிளை திடீரென்று முறிந்து விழுவதும் உண்டு. இது நடக்கிறது என்பது பதிவானது. ஏன் நடக்கிறது என்பதில் விளக்கங்கள் பல, முடிவான பதில் இல்லை. கிடைமட்டமாக வெகுதூரம் நீண்ட கனத்த கிளைகளில் அதிகம் பார்க்கிறோம். அப்படிப்பட்ட கிளைக்கு நேர்கீழே கட்டில் போடுவதையும் கன்றுக்குட்டி கட்டுவதையும் தவிர்ப்பது நல்லது.

இனி உச்சி கழிப்பது, மொட்டை அடிப்பது. ஆளைக் கூப்பிட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்: "மேலே எல்லாத்தையும் எடுத்துட்டா பாரம் குறைஞ்சிடும்." முதல் ஒன்றிரண்டு வருடம் அது உண்மை போலத் தெரியும். ஆனால் மரத்துக்கு இலைதான் சமையற்கட்டு. ஒரேயடியாக இலையை இழந்த மரம், சேமித்து வைத்ததை எல்லாம் செலவழித்து, வெட்டிய முனைகளைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் விடும். அந்தப் புதுக் கிளைகள் இயல்பான கிளையைப் போல உள்கட்டையில் வேரூன்றி எழுவதில்லை. பட்டைக்குக் கொஞ்சம் கீழே, வெளி வளையங்களில் மட்டும் ஒட்டியிருக்கும். அவை வேகமாக வளரும், சில வருடத்தில் பழைய உயரத்தை எட்டும், அதற்குள் அவை ஒட்டியிருக்கும் பெருங்கிளையின் வெட்டுவாய் அழுகியிருக்கும். கனமான கிளை, பலமில்லாத பிடி, அழுகிய அடித்தளம் மூன்றும் உங்கள் கொட்டகைக் கூரைக்கு நேர் மேலே. இலை இல்லாததால் வேரும் ஒரு பகுதி சாகும். அதுவரை வெயில் படாத பட்டை வெந்து வெடிக்கும். பாதுகாப்புக்காகச் செய்த வேலை, நல்ல மரத்தை ஆபத்தான மரமாக மாற்றிவிடுகிறது. முழுதாக வெட்டிவிடுவதுகூட இதைவிட நேர்மையான முடிவு. கொட்டகைப் பக்கக் கிளைகளை மட்டும் வழித்து எடுப்பதும் இதே தவறுதான், கூடவே எடை முழுவதும் மறுபக்கம் சாய்ந்துவிடும். தழைக்காகச் சிறு மரமாக இருந்ததிலிருந்தே ஒரே இடத்தில் அடிக்கடி வெட்டிப் பழக்கிய மரங்கள் இதில் சேராது. அவற்றின் வெட்டுக் கணுக்கள் அதற்கேற்றபடி உருவானவை, ஆகவே அவற்றை விடாமல் வெட்டிக்கொண்டிருப்பதுதான் சரி. உங்கள் மரங்களில் ஏதாவது ஒன்று முன்பே மொட்டை அடிக்கப்பட்டிருந்தால், மறுபடி அதே இடத்தில் அடிக்காமல், ஒவ்வொரு முனையிலும் நல்ல இடத்தில் நிற்கும் ஒன்றிரண்டு துளிர்களை வைத்து, மற்றதைச் சில வருடங்களாகப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள்.

சரியான கவாத்து வேறு மாதிரி. முதலில் பட்ட கிளைகள். அவற்றை எந்தக் காலத்திலும் எடுக்கலாம், கூரைக்கு வரும் ஆபத்தில் பெரிய பங்கு அவற்றோடு போய்விடும். அடுத்து, நீண்ட கிளையைக் குறைக்க வேண்டுமானால், நடுவில் எங்கோ வெட்டாமல், அதிலிருந்து பிரியும் பக்கக் கிளை வரை பின்வாங்கி வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், அப்போதுதான் அது முனையின் வேலையை ஏற்றுக்கொள்ளும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது, வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மேலும் அது நுனியில் பிடித்து நெம்புகிறது. அதனால் முனைகளில் சின்னச் சின்னதாகக் குறைப்பதே பெரிய பலன் தரும். உள்கிளைகளை எல்லாம் வழித்து நுனியில் மட்டும் இலைக்கொத்தை விட்டுவைப்பது இதற்கு நேர்மாறான வேலை. ஒரு பருவத்தில் இலைப்பரப்பில் கால் பங்குக்குமேல் எடுக்கக் கூடாது, முதிர்ந்த மரத்தில் அதைவிடவும் குறைவாக. கூரைக்கும் கிளைக்கும் நடுவே 2 முதல் 3 மீட்டர் வெற்றிடம் இருந்தால் உரசலும் இருக்காது, எலியும் கிளை வழியே இறங்காது, தகரத்தின் மேல் சருகு குவிந்து துரு ஏறுவதும் குறையும்.

வெட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூடவே நின்று பார்க்க வேண்டியது நீங்கள்தான். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் அது விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். கடைசியாக மிச்சக் கட்டையை, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கிறதே, அதற்கு வெளியே ஒட்டி எடுக்க வேண்டும். அந்தப் புடைப்பைச் சீவிவிட்டால் காயத்தை மூடும் திசுவே போய்விடும். நீட்டி விட்டாலும் கட்டை அழுகும். மரத்தில் காயம் நம் தோலைப் போல ஆறாது. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர் எழுப்பி, மேலே புதுக் கட்டையால் மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970களில் விளக்கிச் சொன்ன விஷயம் இது. வெட்டுவாயில் தார், பெயின்ட் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. வைத்துக்கொள்ளப் போகும் மரத்தில் காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஏற விடாதீர்கள். ஒவ்வொரு குத்தும் ஒரு காயம்.

கொட்டகைப் பக்கத்து மரங்கள் சாவது பெரும்பாலும் மேலே நடப்பதால் அல்ல, தரையில் நடப்பதால். இலை சமைத்ததை வேருக்குக் கொண்டுபோகும் பாதை பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. மாட்டைத் தினமும் அடிமரத்தில் கட்டினால் கயிறும் சங்கிலியும் பட்டையைச் சுற்றிலும் அரித்துவிடும், முழு வட்டமும் போனால் மரம் பட்டுவிடும். டிராக்டரை நிழலில் நிறுத்தி நிறுத்தி மண் இறுகினால் வேருக்குக் காற்று கிடைக்காது. சாணத்தையோ மண்ணையோ அடிமரத்தை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். கொட்டகைக்குத் தண்ணீர்க் குழாய் போடத் தோண்டும் ஒரே ஒரு நேர்வாய்க்கால், ஒரு பக்கத்து வேர் முழுவதையும் அறுத்துவிடும். மரத்தின் குடை அதைச் சொல்லச் சில வருடம் பிடிக்கும். மாடு கட்ட ஒரு கல்தூண் நடுங்கள், வண்டி போகும் தடத்தை மாற்றுங்கள், குடைக்குக் கீழே சருகை 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை பரப்புங்கள், ஆனால் அடிமரத்தில் படாமல். இந்த நான்கு மரங்களுக்கும் நீங்கள் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மின்னலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாடு இருப்பதால் சொல்ல வேண்டும். உயர்ந்த மரம் பக்கத்துக் கொட்டகைக்கு இடிதாங்கி ஆகாது. மரத்தில் இறங்கும் மின்னல் பக்கவாட்டில் கூரைக்குத் தாவலாம், மண் வழியாகவும் பரவும். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தூரம் அதிகம் என்பதால் மனிதரைவிட மாட்டின் உடம்பில் மின்சாரம் அதிகமாகப் பாய்ந்து உயிரைப் பறிக்கிறது. வேலிக் கம்பியை மரத்தில் அடித்திருந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். மரத்தில் விழுந்த மின்னல் அந்தக் கம்பி வழியே வேலியோரம் நிற்கும் மாடு வரை போகும். மின்கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையை நீங்களோ கூலிக்கு வருபவரோ தொடவே கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் எந்த வேலையும்.

சாமான் அறைச் சுவரில் அரசோ ஆலோ முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பறவை எச்சத்தில் வந்த விதை விரிசலில் பிடித்திருக்கும். விரல் பருமனுக்குள் இருக்கும்போதே வேரோடு எடுத்து விரிசலை அடைத்துவிட வேண்டும். பருத்த பிறகு பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும். அப்போது தண்டை வெட்டி, வெட்டிய சில நிமிடத்துக்குள் கிளைபோசேட் போன்ற களைக்கொல்லியை வெட்டுவாயில் தடவி வேரைச் சாகவிடுவதுதான் வழி. இதையே பெரிய மரத்தின் கட்டையில் செய்யும்போது கவனம் வேண்டும்: ஒரே வகை மரங்கள் பக்கத்தில் நின்றால் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டியிருக்கலாம், மருந்து நல்ல மரத்துக்கும் போய்விடும்.

எல்லாம் பார்த்த பிறகும் ஒரு மரத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று வரலாம். வேர் அழுகி, புதுச் சாய்வும் விட்டு, கீழே இருப்பதை நகர்த்தவும் முடியவில்லை என்றால் தயங்காதீர்கள். பட்டுப்போன மரத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்று விடவும் வேண்டாம். காயக் காய அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், ஆள் ஏறவே முடியாமல் போகும். கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தை அடியில் அறுத்துச் சாய்க்கும் வேலையை ஒருபோதும் நீங்களே செய்யாதீர்கள். கயிறு கட்டி மேலிருந்து துண்டு துண்டாக இறக்கத் தெரிந்தவர் வேண்டும், தலைக்கவசமும் கயிறும் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். வெட்டும்போது மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு மாடும் ஆளும் இருக்கக் கூடாது. கூட்டமாக வளர்ந்த மரங்களில் ஒன்றை எடுத்தால், அதுவரை காற்றுக்கு மறைவில் நின்ற பக்கத்து மரம் முதன்முறையாக முழுக் காற்றையும் வாங்கும். அடுத்த புயல் காலம் வரை அதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மரம் வெட்ட அனுமதி வேண்டுமா என்பது இடத்துக்கு இடம், மரத்துக்கு மரம் மாறும், உள்ளூர் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஷெட்டை நான்காவது மரத்தின் பக்கம் நீட்டுவது. வேறு பக்கம் இடம் இருந்தால் அந்தப் பக்கம் நீட்டுங்கள். இல்லை என்றால், நீளவாட்டு அஸ்திவாரம் தோண்டாமல், தனித்தனிக் குழிகளில் தூண் நிறுத்திக் கட்டுங்கள். குழிகளை இயந்திரம் வைக்காமல் கையால் தோண்டச் சொல்லுங்கள். கட்டைவிரலைவிடப் பருத்த வேர் வந்தால் அதை வெட்டாமல் குழியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், தூண்களின் இடைவெளி ஒரே அளவில் இல்லாவிட்டால் ஷெட்டுக்கு ஒன்றும் ஆகாது. தரைக்குக் கான்கிரீட் வேண்டாம், ஜல்லி பரப்பினால் தண்ணீரும் காற்றும் உள்ளே போகும். மூன்றாவது மரத்தின் பொந்து எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, தட்டினால் எவ்வளவு சுற்றுக்குப் பொத்தென்று கேட்கிறது, அடியில் காளான் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு எழுதினால் அந்த ஒரு மரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும். அதுவரை அதன் வட்டத்துக்குள் இரவில் மாடு கட்டாதீர்கள்.